வண்டி போகாத பாதை

மருத்துவ வண்டி டிரைவருக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பேர். வாரம் ஒருமுறை தார்ச்சாலை முடிகிற டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்துவார். வண்டிக்குள்ளே டாக்டரம்மா நோயாளிகளைப் பார்ப்பார், வெளியே இவர் டீயும் ஊர்க்கதையுமாக உட்கார்ந்திருப்பார். ஓடைக்கு அந்தப் பக்கத்து வீடுகளுக்கு மட்டும் வண்டி போகாது. பாதை மோசம், சக்கரம் புதைந்துவிடும் என்று அவர்தான் சொல்லி வைத்திருந்தார். பாதைக்கு ஒரு கேடும் இல்லை. அங்கே டீ கிடையாது, பேச்சுத்துணை கிடையாது, வண்டியைத் திருப்புவதும் கொஞ்சம் கஷ்டம். அவ்வளவுதான் சங்கதி. சோம்பேறித்தனத்துக்கு இதற்குமேல் காரணம் வேண்டுமா என்ன!

அன்றைக்கு ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, செங்கல் சூளையில் கல் சுமக்கும் ஒருவர் தன் மனைவியைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துக் கூட்டி வந்தார். சர்க்கரை நோய்க்காரி. செருப்புக் கடித்த புண் முற்றி, கால்விரல்கள் கறுத்துப்போயிருந்தன.

"இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" டாக்டரம்மாவின் குரல் இறங்கிப்போனது. "உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். விரலை எடுக்கணும். விட்டா காலே போயிடும்."

"நடக்க முடியல டாக்டர்" என்றாள் மனைவி. " வண்டியும் அந்தப் பக்கம் வராது."

"ஏன் வராது?" டாக்டரம்மா டிரைவரைப் பார்த்தார். அவர் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

கணவர் முந்திக்கொண்டார். "அண்ணன் என்ன பண்ணுவாரு டாக்டர், பாதை அப்படி. அவரு தங்கமான மனுஷன்."

அந்த 'தங்கமான மனுஷன்' டிரைவரைக் கூனிக் குறுக வைத்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

"ஓடிப்போய் மாத்துத்துணி எடுத்துட்டு வந்துடறேன்" என்றார் கணவர்.

"ஏறுங்க. வண்டியிலயே வீட்டுக்குப் போயிட்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்." யோசிப்பதற்குள் டிரைவர் வாயில் வந்துவிட்டது. டாக்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மனைவியைப் பின்னால் படுக்கவைத்ததும், வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் ஓடை தாண்டிப் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் பாதையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மழை இல்லல்ல, தரை காஞ்சு கிடக்கு. அதான் வண்டி வருது போல."

"எப்பவும் வரும் தம்பி. நான்தான் வரல."

 கணவர் வீட்டு வாசலில் இறங்கித் துணி எடுக்க உள்ளே போனார். பின்னால் படுத்திருந்த மனைவி மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"அண்ணே, பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் காலுல புண்ணு. அவரையும் ஏத்திக்குங்க. இங்க வண்டி வராதுன்னு நான்தான் அவர்கிட்ட அடிச்சுச் சொன்னேன்."