இடுப்புக் கயிறு

தம்பி செத்ததற்காக அக்கா கட்ட வேண்டிய தொகை பதினெட்டாயிரத்து நானூறு. செத்ததற்காக என்று முதலாளி சொல்லவில்லை. மோட்டாரைத் தண்ணீருக்குள் கொண்டுபோனதற்காக என்றுதான் சொன்னார். இரண்டும் ஒரே நொடியில் நடந்ததால் படகுக்காரியான அக்காவுக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

கடன் வந்த பிறகும் விடியுமுன்பே காயலில் இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. கழுத்தளவு தண்ணீர். காலால் சேற்றைத் துழாவி, சிப்பி தட்டுப்பட்டதும் மூச்சைப் பிடித்து முங்கி, இரண்டு கையாலும் அள்ளிக் கூடையில் போட வேண்டும். சிப்பியின் விளிம்பு பிளேடு மாதிரி. உள்ளங்காலில் கீறினால் உப்பு ஏறி, வலி உச்சந்தலையில் போய் நிற்கும். கூடை நிறைந்தால் படகு, படகு நிறைந்தால் கரை, கரையிலிருந்து சுண்ணாம்புச் சூளை. சூளை முதலாளியுடையது. ஆறு படகுகளின் பின்னால் தொங்கிய ஆறு பழைய மோட்டார்களும் அவருடையவை. படகும் உடம்பும் மட்டும் இவர்களுடையவை.

மோட்டாரைப் படகோடு கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்புகளில் திருகாணிகள் மறை தேய்ந்து போயிருந்தன. முன்னொரு தடவை ஒரு மோட்டார் கழன்று விழுந்து, சேற்றில் புதைந்து, கிடைக்காமலே போனது. அதற்கு முதலாளி புது கிளாம்ப் வாங்கவில்லை, சட்டம் போட்டார். மோட்டாரில் ஒரு கயிறு, அதன் மறுமுனை ஓட்டுகிறவன் இடுப்பில்.

"மோட்டார் போனா ஆளும் கூடவே போகணும். அப்பத்தான் பத்திரமா ஓட்டுவீங்க" என்று சிரித்தார். கேட்டவர்களும் சிரித்து வைத்தார்கள். அடுப்பு எரிய வேண்டுமே.

தம்பியின் படகில் கிளாம்ப் கழன்ற அன்று அலைகூட இல்லை, ஆனால் படகு அப்போது ஆளை முழுக்கும் ஆழத்தில் இருந்தது. மோட்டார் போனது, கயிறு போனது, கயிற்றோடு அவன் போனான். படகிலிருந்த அக்கா பின்னாலேயே குதித்தாள். தண்ணீருக்கடியில் அவன் இடுப்பைத் தடவினாள். முடிச்சு நனைந்து கல்லாகியிருந்தது. கத்தி படகில் கிடந்தது. அதை எடுக்க அவள் மேலே வந்து போன நேரம்தான் அவனுக்கு மிச்சமிருந்த நேரம்.

இரண்டையும் கரைக்குக் கொண்டுவந்தார்கள், ஆளையும் மோட்டாரையும். பக்கத்துப் படகு ஓட்டுகிற குள்ளன் ஆறடி உயரம். அவனுக்கு அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு வாய்க்கொழுப்பு. அவன் மோட்டாரைத் தோளில் தூக்கிப்போய், நல்ல தண்ணீர் நிரம்பிய டிரம்மில் இறக்கினான். படகுக்காரி ஓடிவந்து ஓங்கி அறைந்தாள்.

"என் தம்பி சேறும் சகதியுமாக் கிடக்கான். நீ மோட்டாரைக் குளிப்பாட்டுறியாடா?"

"உப்போட காத்துப் பட்டா துரு தின்னுடும்க்கா. நல்ல தண்ணியில கிடந்தாத் தாங்கும்." அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். "இதுக்கும் உன்கிட்டத்தான் காசு கேப்பானுங்க. பாத்துக்கிட்டே இரு."

கேட்டார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் முதலாளியே வீட்டுக்கு வந்தார். ஒரே அறை, மூலையில் தம்பி பொண்டாட்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"உன் தம்பி நல்ல பையன்மா. கயித்தை எவ்வளவு ஒழுங்காக் கட்டியிருந்தான் பாரு. இல்லேன்னா மோட்டாரை எங்கேன்னு போய்த் தேடுறது?" என்றார். பிறகு தொகையைச் சொன்னார். மூலையில் இருந்தவளைக் கைகாட்டினார். "பணம் இல்லேன்னா இவ சூளைக்கு வரட்டும். கடன் தீர்ற வரைக்கும் கூலி கிடையாது. சோறு போடறேன்."

சூளைக்குப் போன பெண்களை ஊரே பார்த்திருக்கிறது. சுண்ணாம்பு நீற்றும் புகையில் முதலில் கண் வேகும், அப்புறம் நெஞ்சு. கடன் தீர்ந்து திரும்பி வந்தவள் என்று யாரையும் காட்ட முடியாது.

"அந்த மோட்டார் திரும்ப ஓடினா?" என்று கேட்டாள் படகுக்காரி.

"ஓடினா கடனே இல்லை, போ. செத்தது எங்க ஓடப்போகுது? ஞாயித்துக்கிழமை வரைக்கும் முட்டிப் பாரு." சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

அன்றிலிருந்து சிப்பி இறக்கிய கையோடு மதிய வெயிலில் அவள் மோட்டார் முன்னால் உட்கார்ந்தாள். குள்ளன் ஸ்பானர் கொண்டுவந்தான். அறை வாங்கிய கணக்கை அவன் பேசவில்லை. தம்பி பொண்டாட்டியும் வந்து ஓரமாக நின்றாள்.

"தொடுறதுக்கே கை கூசுது அண்ணி."

"எனக்கு மட்டும் இனிக்குதா? வந்து ஸ்டார்ட் பண்ற கயித்தை இழு."

இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு இழுத்ததும், ஓட்டைகள் வழியாகக் கறுப்புத் தண்ணீர் பீய்ச்சியது. மண்ணெண்ணெய் ஊற்றி இழுத்தார்கள். ஆயில் ஊற்றி இழுத்தார்கள். வெறும் ஆயில் வரும் வரைக்கும் இழுத்ததில் சின்னவள் உள்ளங்கை தோல் உரிந்தது. கார்புரேட்டருக்குள் நைசான சேறு, களிம்பு மாதிரி. அதைக் கழுவி, கரண்டு ஒயரிலிருந்து ஒற்றைக் கம்பியை உருவி, பெட்ரோல் வரும் ஊசித் துளையைக் குத்திச் சுத்தம் செய்தாள்.

பிறகு பிளக்குகளை மோட்டார் உடம்பில் சாய்த்து வைத்து இழுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் நீலப் பொறி. இன்னொன்று செத்துக் கிடந்தது. பிளக்கை இடம் மாற்றினாள். அப்போதும் அதே பக்கம்தான் பொறியில்லை. அப்படியென்றால் நோவு பிளக்கில் இல்லை, ஒயரில். ஒயரின் நுனியை வெட்டினால் உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. ஒரு விரல் நீளம் நறுக்கி எறிந்துவிட்டு மறுபடி சொருகினாள். பொறி பட்டென்று விழுந்தது.

சனிக்கிழமை டிரம்மில் மாட்டி இழுத்தார்கள். இருமியது, கத்தியது, நின்றது. இறக்கை சுற்றவே இல்லை. கீழே கழற்றிப் பார்க்கச் சொன்னான் குள்ளன். இறக்கைக்குப் பின்னால், தண்டைச் சுற்றி ஏதோ இறுகியிருந்தது. கத்தியால் நெம்பி எடுத்தாள். நீலத் துணி. பொத்தானோடு இருந்தது.

சின்னவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "நான்தான் தச்சேன் இந்தப் பொத்தான்" என்றாள். அப்புறம் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மூக்கை முழங்கையால் துடைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் உள்ள இருக்கு அண்ணி, எடுத்துடுங்க" என்றாள்.

ஞாயிறு காலை மோட்டார் ஓடியது. அதே சத்தம். தம்பி வீட்டுக்குத் திரும்பும்போது தூரத்திலேயே கேட்கும் சத்தம். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

முதலாளி கரைக்கு வந்து, இடுப்பில் கைவைத்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். "கெட்டிக்காரிதான். சரி, படகுல மாட்டி ஓட்டிக் காட்டு."

"கடன்?"

"முதல்ல ஏறு. கயித்தைக் கட்டு."

படகுக்காரி மோட்டாரை நிறுத்தினாள். "கயிறு கட்ட மாட்டேங்க. கிளாம்ப்பை மாத்துங்க."

"கிளாம்ப் என்ன விலைன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க. என் தம்பி விலை தெரியும். நீங்கதான் வீடு தேடி வந்து சொன்னீங்க."

தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டிருந்த குள்ளன் நின்றான். தன் இடுப்பு முடிச்சை அவிழ்த்தான். முரண்டு பிடித்தது, பல்லால் கடித்து அவிழ்த்தான். கயிற்றை மோட்டார் மேலேயே போட்டுவிட்டுக் கரையேறி உட்கார்ந்தான். அடுத்த படகுக்காரன் அவிழ்த்தான். அடுத்தவனும். சிப்பி அள்ளும் பெண்கள் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்கள்.

"என்னடா இது? மறை கழண்டுபோச்சா எல்லாருக்கும்?"

"அது கழண்டுதானே முதலாளி இவ்வளவும்" என்றாள் ஒரு கிழவி.

"நாளைக்கே வேற ஆளை இறக்குவேன்."

"இறக்குங்க" என்றான் குள்ளன். "இடுப்பு இருக்கிறவனா பார்த்து இறக்குங்க. அவன்கிட்ட நாங்க பேசிக்கிறோம்."

வெயில் ஏறியது. யாரும் அசையவில்லை. சூளையிலிருந்து ஆள் ஓடிவந்தான். "சிப்பி தீந்துபோச்சுங்க. இப்பக் கொட்டலேன்னா இந்தத் தடவை போட்டது மொத்தமும் பாழ்."

முதலாளி நெற்றியைத் துடைத்தார். குரலைத் தாழ்த்தி, வீட்டுப் பெரியவர் மாதிரி பேசினார்.

"சரி, எல்லார் முன்னாடியும் சொல்றேன். பதினெட்டாயிரத்து நானூறும் தள்ளுபடி. இவ சூளைக்கு வர வேண்டாம். போதுமா? இப்ப எழுந்திருங்க."

கரையே படகுக்காரியைப் பார்த்தது. அவள் தம்பி பொண்டாட்டியைப் பார்த்தாள். எந்தக் கழுத்துக்காக ஒரு வாரமாக இந்த மோட்டாரோடு மல்லுக்கட்டினாளோ அந்தக் கழுத்து தப்பிவிட்டது. இனி சின்னவள் சொல்வதுதான் முடிவு.

சின்னவள் மெதுவாக நடந்து வந்தாள். முதலாளியைத் தாண்டினாள், படகைத் தாண்டினாள். குள்ளனுக்கும் கிழவிக்கும் நடுவே மணலைக் கையால் தள்ளி இடம் செய்து உட்கார்ந்தாள்.

"உனக்குத்தான் கடன் போயிடுச்சேம்மா" என்றார் முதலாளி. "வீட்டுக்குப் போ."

"இவங்களுக்கு இன்னும் கிளாம்ப் வரலீங்களே" என்றாள் அவள்.