ஞாயிற்றுக்கிழமைப் பாடு

என் ஓரகத்தி ரங்கம்மா ஐம்பத்தெட்டு வயதில் கடை போட்டாள். அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. மற்றவர்கள் அக்கறை, கவலை என்று இதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். எனக்குப் பொறாமை, அவ்வளவுதான்.

கடை என்றால் பெரிய கடை ஒன்றும் இல்லை. பழவேற்காட்டைத் தாண்டி எங்கள் குப்பத்துக்குள் நுழைந்தால் இரண்டாவது வீடு அவளுடையது, மூன்றாவது என்னுடையது. நடுவில் ஓர் ஓலை வேலி. அவள் வாசலில் நாலு கம்பு நட்டு, கீற்று வேய்ந்து, இரண்டு பெஞ்சு போட்டு, 'ரங்கம்மா சாப்பாடு' என்று ஒரு பலகையைத் தொங்கவிட்டிருந்தாள்.

போன மார்கழியில் பூநாரை பார்க்க வந்த இரண்டு பேர் மழையில் மாட்டிக்கொண்டு அவள் வீட்டில் ஒதுங்கினார்கள். அவள் தனக்கு வைத்திருந்த நண்டுக் குழம்பை அவர்களுக்குப் போட்டாள். அவர்கள் அதைப் போனில் படம் பிடித்து எங்கேயோ போட்டார்கள். அடுத்த ஞாயிறு மூன்று கார் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு எட்டு.

நான் யார், அவள் யார்? இருபத்தாறு வருஷம் மீன் கூடையோடு பொன்னேரி பஸ் ஏறியவள் நான். கண்டக்டரோடு சண்டை, மார்க்கெட்டில் சண்டை, வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் அர்ஜுனனோடு சண்டை. அவருடைய அண்ணன் பெண்டாட்டி ரங்கம்மா வெளியே கிளம்பவே மாட்டாள். அடுப்படிதான் அவளுக்கு எல்லாம். அவள் புருஷன் மாரி செத்துப் பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் போன பிறகு, ஒற்றை ஆளுக்கு வைக்கிற குழம்புக்குக்கூட அம்மியில்தான் அரைப்பாள். நண்டு கொதிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ பேசுவதைக் கேட்பது போல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். 'அடுப்படிப் பூனை' என்று நான் கிண்டல் செய்வேன். அவளும் சிரிப்பாள்.

அந்தப் பூனையைத் தேடித்தான் இப்போது கார் வந்தது.

சும்மா இருப்பேனா? நானும் வாசலில் ஒரு கொட்டகை போட்டு, பொன்னேரி போய்ப் பெரிய பெரிய பாத்திரமாக வாங்கி வந்தேன். அவள் பலகையை விட இரண்டு மடங்கு பெரிய பலகை எழுதி மாட்டினேன். கார்கள் என் வாசலில்தான் நின்றன. கண்ணாடியை இறக்கி, "ரங்கம்மா வீடு எதுங்க?" என்று என்னிடமே கேட்டார்கள். ஒருமுறை ஆத்திரம் தாங்காமல், "அப்பிடியே நேரா போங்க" என்று கடற்கரைப் பக்கம் கையைக் காட்டிவிட்டேன். அந்தக் கார் மணலில் புதைந்தது. என் வீட்டுக்காரரும் இன்னும் நாலு பேரும் போய்த் தள்ளிவிட்டு வந்தார்கள். காரில் இருந்தவர்கள் கடைசியில் அவள் வீட்டிலேயே போய்ச் சாப்பிட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒன்று உண்டு. மீன் நன்றாக விழுகிற இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊரே முறை வைத்துக் கொடுக்கும். சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை இறக்கினால், இறக்கியவனுக்கு ஒரு வருஷம் முறை கிடையாது. வலை, பாடு, சீட்டு எல்லாம் ஆம்பிளைகள் சமாச்சாரம். பொம்பிளைகளுக்கு அதில் இடமில்லை.

நான் ஊர்க் கூட்டத்தில் போய் நின்றேன். தலைவர் கண்ணப்பன், "இன்னா லோகநாயகி, இங்க எங்க வந்தே?" என்றார்.

"ஏரி பொதுதானே?"

"பொதுதான்."

"ஏரியில கீற மீனு பொது. ஏரியப் பாக்க வர்ற காரு மட்டும் ஒருத்திக்கா? அதுக்கும் பாடு போடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் யோசித்தார்கள், ஏனென்றால் நான் சொன்னதில் ஓட்டை இல்லை. ரங்கம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் சண்டை போடுவாள் என்று நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன்.

"நாயந்தானே. போடுங்க" என்றாள் அவள்.

எனக்கு இன்னும் எரிந்தது. சண்டை போட்டிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சொம்பில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார் கண்ணப்பன். முதல் ஞாயிறு எனக்கு, அடுத்தது அவளுக்கு, இப்படியே மாறி மாறி. ஒருத்தி பாட்டில் மற்றவள் வெளியாட்களுக்கு அடுப்பு மூட்டக்கூடாது. மூட்டினால் ஒரு வருஷம் போச்சு.

என் ஞாயிறு வந்தது. ரங்கம்மா காலையிலேயே பலகையைக் கழற்றிச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டாள். வந்த கார்கள் வேறு வழியில்லாமல் என் கொட்டகையில் இறங்கின. பதினெட்டுப் பேர். பெரிய சட்டியில் நண்டு கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சமையல் பிடிக்காது. எப்போதடா முடியும் என்றுதான் சமைப்பேன். அன்றைக்கும் அப்படித்தான். ஆனால் கண் மட்டும், விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டது போல், வேலிக்கு அந்தப் பக்கமே இருந்தது.

பதினோரு மணிக்கு அவள் கூரை மேல் புகை எழுந்தது.

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! மாட்டினாள். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"இன்னாக்கா இது? என் பாட்டுல அடுப்பு மூட்டிக்கினு கீறே? தலைவரக் கூப்புடட்டா?"

ரங்கம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சட்டி நிறைய நண்டு. "விக்கறதுக்கு இல்லடி" என்றாள். "ஞாயித்துக்கெழமன்னா கை சும்மா கெடக்க மாட்டேங்குது. கிழிஞ்ச வல கட்டிக்கினு கீற நம்ம ஊரு ஆளுங்களுக்குக் குடுக்கலாம்னு வெச்சேன்."

"யாருக்குக் குடுத்தா இன்னா? அடுப்பு அடுப்புதானே?"

அவள் மூக்கைச் சுளித்துக் காற்றை முகர்ந்தாள். "லோகா, உன் சட்டி அடிப்புடிக்குதுடி."

ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் குழம்பு கருகிவிட்டது. கொட்டகையில் பதினெட்டுப் பேர் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். திரும்பினால், வேலிச் சந்தில் ரங்கம்மா தன் சட்டியைத் துணி போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத்தப் போடு, போ."

வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, கை அதற்குள் வாங்கிவிட்டது. பார்க்க என் குழம்பு மாதிரி இருக்கட்டும் என்று ஒரு பிடி கொத்தமல்லியைக் கிள்ளி மேலே தூவினேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று கரண்டி கரண்டியாக ஊற்றினேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நல்ல சாப்பாட்டுக்குத்தான் அந்த அமைதி வரும் என்பது எனக்குத் தெரியும், என் சாப்பாட்டுக்கு வந்ததில்லை. கழுத்தில் கேமரா மாட்டியிருந்த ஒரு சென்னைப் பெண் விரலைக்கூட விடாமல் சப்பிவிட்டுக் கேட்டாள்.

"ஆன்ட்டி, இது யார் செஞ்சது?"

"நான்தான்" என்றேன்.

"உங்க பேரு?"

"லோகநாயகி."

என்னைச் சட்டியோடு நிற்க வைத்துப் படம் எடுத்தாள். 'லோகநாயகி அம்மா கைப்பக்குவம்' என்று அதன்மேல் எழுதி என் போனுக்கும் அனுப்பிவிட்டுப் போனாள். இனி தலைவரிடம் புகையைப் பற்றி நான் எந்த வாயால் சொல்வது? சொன்னால் சட்டியும் வெளியே வரும்.

சாயங்காலம் காலிச் சட்டியைக் கொடுக்கப் போனேன். யார் என்ன சொன்னார்கள், யார் பெயரைச் சொன்னேன் என்று அவள் எதையும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உப்பு சரியா இருந்துச்சா?"

அந்த ஒரு கேள்விதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஊரே அவள் குழம்பைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. இவள் உப்பை மட்டும் கேட்கிறாள்.

"கொஞ்சம் தூக்கல்" என்றேன்.

அவள் முகம் வாடிப்போனது. சட்டியின் விளிம்பை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். "அப்பிடியா" என்றாள். அன்று எனக்கு நல்ல தூக்கம்.

மறுநாளிலிருந்து வேலி வழியாகப் பார்த்தேன். அவள் ஒரு குழம்பு வைப்பாள், ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசிப்பாள், யோசிப்பாள், மறுபடி ருசிப்பாள். கடைசியில் கொண்டுபோய்க் கொட்டிவிடுவாள். புதன்கிழமை எனக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். அதில் உப்பே இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னா அண்ணிக்கு, ஒடம்பு சரியில்லியா?" என்றார். நான் குனிந்துகொண்டே சாப்பிட்டேன்.

அவளுடைய ஞாயிறு வந்தது. பலகை ஏறவில்லை. கார்கள் வந்து, பார்த்து, திரும்பிப் போயின. நான் அடுப்பு மூட்ட முடியாது, அது அவள் பாடு. பத்து மணிக்குக் கண்ணப்பன் என் வாசலில் வந்து நின்றார்.

"உனக்கு நல்ல சேதிதான் லோகநாயகி. ரங்கம்மா தன் பாட்டையும் உனக்கே எழுதிடச் சொல்லிட்டா. நாக்கு செத்துப் போச்சாம், உப்பு தெரியலியாம். வயசாயிடுச்சு, இனிமே எனக்கு எதுக்குங்குறா. எல்லா ஞாயிறும் இனி உனக்குத்தான். சம்மதம்தானே?"

நான் எதற்கு அலைந்தேனோ அது முழுசாகக் கைக்கு வந்துவிட்டது. அவளைவிட நான் மேலே போக வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். அவள் இறங்கிப் போய், அந்தக் காலி இடத்தில் நான் நிற்பது வேறு. அதுவும் எதை வைத்து நிற்பது? அவளுக்கு அடுப்பு மேல் இருக்கிற ஆசை மாதிரி எனக்கு எது மேலும் இருந்ததில்லை. அதுதான் என் எரிச்சல். காரும் அல்ல, பலகையும் அல்ல.

"அப்பால சொல்றேன்" என்று அவரை அனுப்பிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாங்கி வைத்த நண்டு கூடையில் ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பு சில்லென்று கிடந்தது.

"அக்கா, அன்னிக்கி உப்பு சரியாத்தான் இருந்துச்சு."

அவள் லேசாகச் சிரித்தாள். "என்னத் தேத்துறதுக்குச் சொல்றே."

"சத்தியமா சரியா இருந்துச்சு."

"விடு லோகா. அம்பத்தெட்டு வயசுல ஆசப்பட்டேன் பாரு, என்னச் சொல்லணும்."

என்ன சொன்னாலும் நம்ப மாட்டாள் போலிருந்தது. போனை எடுத்து அந்தப் படத்தை அவள் முன்னால் நீட்டினேன்.

"அந்தப் பொண்ணு யாரு வெச்சதுன்னு கேட்டுச்சு. நான்தான்னு சொல்லிட்டேன்க்கா. என் பேரையே குடுத்துட்டேன். தோ, எழுதிக் கீது பாரு. உப்பு தூக்கலா இருந்திருந்தா என் பேரக் குடுத்திருப்பேனா? உன் பேரத்தானே சொல்லியிருப்பேன்?"

அவளுக்கு என்னைத் தெரியும். முப்பது வருஷமாகத் தெரியும். போனை வாங்கி, கண்ணருகே வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். கன்னத்தில் ஓர் அறை விழும் என்று காத்திருந்தேன்.

"சட்டியில இன்னாடி பச்சையா?"

"கொத்தமல்லி."

"நான் போடலியே."

"நான்தான் போட்டேன்."

அவள் எழுந்து நின்றாள். முப்பது வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்று தெருவே கேட்டது. "நண்டுக் கொழம்புல எவளாச்சும் கொத்தமல்லி போடுவாளாடி? நண்டு வாசனையே பூட்டிருக்குமேடி, பாவி! அதத் துன்னுட்டா நல்லா கீதுன்னாங்க? இன்னாத்தக் கண்டாங்க அவங்க?" திட்டிக்கொண்டே புளியை ஊறப் போட்டாள். திட்டிக்கொண்டே அம்மியைக் கழுவினாள். "நிக்கிறா பாரு! போய் அந்தப் பலகைய எடுத்து மாட்டு!"

மாட்டிவிட்டு வந்தேன். இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். பெயரைத் திருடியதற்கு ஒரு வார்த்தை இல்லை, கொத்தமல்லிக்குத்தான் அத்தனை வசவும். வாங்கிக்கொண்டு நின்றேன். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.