கடைசி இலக்கம்

தராசின் கண்ணாடிக் கதவை இறக்கிவிட்டுக் கமலவேணி மூச்சை அடக்கிக்கொண்டாள். கதவு மூடிவிட்டால் மூச்சுக் காற்று உள்ளே போகாது என்று தெரியும், ஆனாலும் பழகிவிட்டது. முள் இடமும் வலமுமாக ஆடி, மெல்ல அடங்கி, நடுக்கோட்டில் வந்து நின்றது. தட்டிலிருந்த எடைகளை மனசுக்குள் கூட்டினாள். வெறும் பீக்கரின் எடையைக் கழித்தாள். இருபத்தைந்து மில்லி தண்ணீரின் எடை 25.2 கிராம். வகுத்துப் பார்த்தால் அடர்த்தி 1.01 என்று வந்தது.

தண்ணீரின் அடர்த்தி ஒன்று. மாதனூர் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்தே அவளுக்கு அது தெரியும். அந்த அறையில் தெரியாதவர்கள் யாருமில்லை.

"ஏய் வேணி, உனக்கு இன்னாடி வந்துச்சு?" பக்கத்து மேசையிலிருந்து பில்கிஸ் உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

"ஒண்ணு புள்ளி பூஜ்யம் ஒண்ணு."

"லூசு. ஒண்ணுன்னு எழுதிட்டு எழுந்து வா. எனக்குந்தான் ஜாஸ்தியா வந்துச்சு. கம்மி பண்ணிட்டேன்."

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்புகளைத் தாண்டி இருந்த மருத்துவமனை அது. அங்கே ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்யப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தமிழில் படித்துவிட்டு வந்தவர்களை ஒரு நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள்: முதல் வேதியியல் தேர்வில் தேறினால் இருக்கலாம், இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அந்தத் தேர்வுதான் இன்றைக்கு. தோற்றுப்போனால் என்ன ஆகும் என்பதைக் கமலவேணி கற்பனை செய்ய வேண்டியதில்லை. அம்மா பட்டம்மாள் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில், பசை ஒட்டும் பிரிவில், அவளுக்கென்று ஒரு ஸ்டூலை சூப்பர்வைசர் முன்பே பேசி வைத்திருந்தார். "அதெல்லாம் வாணாம் சார், எம்பொண்ணு டாக்டருங்களுக்கே கணக்கு சொல்லப் போறா" என்று அம்மா கம்பெனி வண்டியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள். அம்மாவின் பெருமைதான் அவள் தலையில் இருந்த சுமைகளிலேயே கனமானது.

தன் கைதான் தப்பு செய்திருக்கும். அவள் முதலில் அப்படித்தான் நினைத்தாள். எது சரியாக வராவிட்டாலும் தன்னைத்தான் முதலில் சந்தேகப்படுவாள். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அது யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடும். பீக்கரைத் துடைத்துக் காயவைத்தாள். மறுபடி அளந்தாள், மறுபடி நிறுத்தாள். அதே எண். இடுக்கியால் எடைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு தரம். அதே எண்தான் வந்தது.

பேனாவை எடுத்தவளுக்கு முதல் வகுப்பு நினைவுக்கு வந்தது. அஃப்ஸர் ஜஹான் மிஸ் வாணியம்பாடிக்காரர். முக்காடு நழுவாமல் வெள்ளைக் கோட்டுக்குள் செருகியிருக்கும். குரல் எப்போதும் கொஞ்சம் சலித்த மாதிரி இருக்கும். அன்றைக்கு ப்யூரெட் என்ற கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றி, எல்லோரையும் குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவரச் சொன்னார். மேலிருந்து பார்த்தால் ஒரு எண், கீழிருந்து பார்த்தால் ஒரு எண், நேராகப் பார்த்தால்தான் உள்ளது தெரியும் என்றார்.

"ரெண்டு கோட்டுக்கு நடுவுல தண்ணி நிக்குது, பாத்தீங்களா? கோடு வரைக்கும் கண்ணாடிய செஞ்சவன் சொல்லிட்டான். அதுக்கு மேல ஒரே ஒரு இலக்கம் இருக்கு. அது உங்களுது. உங்க கண்ணு சொல்றது. நாளைக்கு அத பாத்துதான் டாக்டர் மருந்து எழுதுவாரு. அதுக்கு நீங்கதான் ஜவாப்பு."

மற்றப் பெண்கள் அதை எழுதிக்கொண்டார்கள். கமலவேணியால் எழுத முடியவில்லை. அவள் போட்டிருந்த சீருடை சித்தி மகளுடையது. புத்தகம் பில்கிஸோடு பாதி. படுக்கிற பாய் விடுதியுடையது. உன்னுடையது என்று யாரும் அவளிடம் எதையும் நீட்டியதில்லை. அன்றைக்கு அந்த அம்மாள் சாதாரணமாக, சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே, ஒரு இலக்கத்தை நீட்டிவிட்டார். அதிலிருந்து எதைப் பார்த்தாலும் அவள் கண் குனிந்து நேராகப் போய் நின்றது. தேநீர்க் குவளையிலும், சிமினி விளக்கில் மண்ணெண்ணெய் ஏறி நிற்கிற இடத்திலும்.

இப்போது 1.00 என்று எழுதினால் அந்தக் கடைசிப் பூஜ்யம் யாருடையது?

துணிச்சல் என்று அதைச் சொல்ல முடியாது. 1.01 என்று எழுதினாள். எழுதிய வேகத்தில் நிப்பு காகிதத்தைக் கொஞ்சம் கிழித்தது.

மிஸ் தாளைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"தண்ணி ஒண்ணுதானேம்மா?"

"ஆமாங்க மிஸ்."

"அப்புறம் இது இன்னா?"

"எனக்கு வந்தது அதாங்க. மூணு தரம் பாத்துட்டேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "மாதனூர் தண்ணி வெயிட்டுப்பா" என்று விஜயகுமாரியின் குரல் கேட்டது. அவள் வேலூரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நல்ல பெண்தான், நாக்குதான் சும்மா இருக்காது. மிஸ் அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றது. "பேஜார் பண்ணாதீங்க. கமலவேணி, என் எதிர்ல செய். எல்லாரும் இங்க வந்து நில்லுங்க."

எல்லோரும் சுற்றி நிற்க, அவள் பிப்பெட் குழாயை, காய்ச்சி வடித்த தண்ணீர் வைக்கும் பீங்கான் ஜாடியில் விட்டு வாயால் உறிஞ்சினாள். நூறு தரம் செய்த காரியம்தான். உதடு இறுக வேண்டும், மூச்சு ஒரே சீராக ஏற வேண்டும், கோட்டைத் தாண்டியதும் விரலால் மூட வேண்டும். ஆனால் இத்தனை கண்களுக்கு நடுவில் மூச்சு அவள் பேச்சைக் கேட்கவில்லை. தண்ணீர் கோட்டைத் தாண்டி, விரலையும் முந்திக்கொண்டு வாய்க்குள் வந்து விழுந்தது. இந்தத் தடவை சிரிப்பை யாரும் அடக்கவில்லை. அவள் தொட்டிக்கு ஓடித் துப்பினாள்.

துப்பியவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

அவளுக்கு அந்தத் தண்ணீரைத் தெரியும். வீட்டுப் பின்புறக் கிணற்றில், தோல் ஷாப்புக் கழிவுத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிய பிறகு, இப்படித்தான் ஆகிவிட்டது. சோறு வேகாது, சோப்பு நுரைக்காது, பருப்பு கல்லாகவே கிடக்கும். வாயைக் கொப்பளித்தாலும் நாக்கின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும். காய்ச்சி வடித்த தண்ணீருக்கு ருசியே கிடையாது.

"மிஸ்," என்றாள், திரும்பாமலே. "இது உப்புங்க."

அஃப்ஸர் ஜஹான் மிஸ் அலமாரியைத் திறந்து இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்தார். ஒன்றில், பூட்டி வைத்திருந்த பழைய புட்டியிலிருந்து வடித்த தண்ணீர். இன்னொன்றில் மேசை ஜாடித் தண்ணீர். பழுப்புப் புட்டியிலிருந்து, உப்பு இருந்தால் காட்டிக்கொடுக்கும் சில்வர் நைட்ரேட்டை இரண்டிலும் சொட்டுச் சொட்டாக விட்டார். முதல் குழாய் தெளிவாகவே இருந்தது. இரண்டாவதில் சொட்டு விழுந்த இடத்தில் வெள்ளையாக ஒரு இழை இறங்கி, சுருண்டு, பரவி, குழாய் முழுவதும் தயிர் உடைந்த மாதிரி திரிந்துபோனது. பெண்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"காசிநாதன்!"

உதவியாளர் காசிநாதன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குழாயைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "நேத்து பூரா கரண்ட்டு இல்ல மிஸ். எதுல வடிக்கிறது? பின்னாடி கிணத்துலதான் மொண்டு ஊத்தினேன். பாக்க பளிச்சுனுதானே இருக்குது."

மிஸ் அவரைத் திட்டவில்லை. போகச் சொன்னார். பிறகு தேர்வுத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மற்ற எல்லாத் தாளிலும் 1.00. சில தாள்களில் அழித்து எழுதிய தடம்கூடத் தெரிந்தது.

"எல்லாரும் இதே ஜாடித் தண்ணிதான் எடுத்தீங்க," என்றார். "நீங்கல்லாம் புஸ்தகத்த எடை போட்டிருக்கீங்க."

யாரும் நிமிரவில்லை. பில்கிஸின் காது சிவந்திருந்தது. மிஸ் சிவப்பு மையால் தாள்களின் குறுக்கே கோடு போட்டுக்கொண்டே வந்தார். கமலவேணியின் தாள் வந்ததும் பேனா நின்றது. அந்தக் கிழிந்த இடத்தை விரலால் ஒரு தரம் தடவினார்.

"அலகு எழுதல. அரை மார்க் போச்சு," என்று தாளை நீட்டினார். நிபந்தனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தாளை நீட்டும்போது, உயரமான அந்த அம்மாள், கொஞ்சம் குனிந்து, அவள் கண்ணுக்கு நேராகப் பார்த்தார். உதட்டோரத்தில் இன்னும் அந்த உப்பு இருந்தது.

வெளியே வந்ததும் விஜயகுமாரி முழங்கையால் இடித்தாள். "உன்னால திங்கக்கிழமை எங்க எல்லாருக்கும் மறுபடி டெஸ்ட்டுடீ, மகராசி. வெயிட்டுத் தண்ணி குடிச்சு வளந்தவளாச்சே!" கேலிதான். ஆனால் சொல்லிவிட்டு அவள் கமலவேணியின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அம்மாவுக்கு இருமல். ஆஸ்பத்திரியில் கலந்து கொடுத்த மருந்துப் புட்டி ஜன்னலில் இருந்தது. வேளைக்கு எவ்வளவு என்று கம்பவுண்டர் பல் பல்லாக வெட்டி ஒட்டிய காகிதம் அதன் பக்கவாட்டில். பட்டம்மாள் புட்டியைத் தூக்கி, மேலாகப் பார்த்து, வாயில் கவிழ்க்கப் போனாள்.

"யம்மா, இரு. அப்டிப் பாக்கக் கூடாது."

"பின்ன எப்டி பாக்கறதாம்? இந்தா பாரு, டாக்டரம்மா வந்துட்டாங்க." இருமலுக்கு நடுவிலும் அவள் முகம் மலர்ந்தது. பரீட்சை என்ன ஆயிற்று என்று அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாள் என்பது மகளுக்குத் தெரிந்தது.

கமலவேணி புட்டியை வாங்கி ஜன்னல் விளிம்பில் நேராக வைத்தாள். "குனி. கண்ண, மருந்து வளைஞ்சு நிக்குதே, அந்த வளைவுக்கு நேரா கொண்டா. அடி எங்க தொடுது, பாரு."

நாளெல்லாம் தோல் தைத்துக் கூன் விழத் தொடங்கிய முதுகு வளைந்தது. பட்டம்மாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"மூணாவது பல்ல தாண்டிட்டுது. நாலாவதுக்கு வரல. நடுவுல... நடுவுக்கும் கொஞ்சம் மேல." சந்தேகத்தோடு மகளைக் கேட்டாள்: "சரியா?"

"நீ பாத்ததுதாம்மா. நீதான் சொல்லணும்."

அம்மா மறுபடி குனிந்தாள். பழுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மருந்துக்குள் பெரிதாகத் தெரிந்த அவளுடைய ஒற்றைக் கண், இமைக்காமல், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே நின்றிருந்தது.