நாற்பத்து மூன்று சதவீதம்

மணிமொழி ஐஸ் பெட்டியின் மேல் சரிந்த மாலையை நேராக வைத்துக்கொண்டிருந்தபோது, தம்பி அதே கதையை மூன்றாவது முறையாகச் சொன்னான்.

“பேசிக்கிட்டேதான் இருந்தோம் மாமா. திடீர்னு லேப்டாப் ஆஃப் ஆயிடுச்சு. இல்லன்னா அம்மாவ கடைசி வரைக்கும் பாத்திருப்பேன்.”

ஹைதராபாத்திலிருந்து காலை விமானத்தில் திருச்சி வந்து, அங்கிருந்து காரில் செந்துறைக்கு வந்து சேர்ந்திருந்தான் முத்தமிழ்செல்வன். வந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். அந்த அழுகையில் பொய் இல்லை. அதுதான் மணிமொழிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தாய்மாமன் அங்கமுத்து உச்சுக் கொட்டினார். பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள், “பாழாப்போன மிஷினு, நேரம் பாத்துக் கால வாரிடுச்சே” என்று மூக்கைச் சிந்தினாள்.

“சார்ஜ் போட்டு வெச்சிருக்கலாம்ல அக்கா?” என்றான் தம்பி.

மணிமொழி மாலையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

அது அவனுடைய பழைய லேப்டாப். ஐந்து வருஷம் ஆபீஸ் வேலைக்கு அடித்துத் தேய்த்தது. புதிது வாங்கியதும், அம்மா முகம் பார்த்துப் பேசட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனான். அம்மா கலியம்மாளுக்குக் கண்புரை. போனில் வருகிற முகம் அவளுக்கு வெறும் நிழல். லேப்டாப் என்றால்தான் மகன் மகனாகத் தெரிவான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறவள் மணிமொழி. வந்த வாரமே பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தாள். புதிதில் பிடித்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் இப்போது பிடித்தது. அன்றைக்கே அவனுக்குப் போன் போட்டாள்.

“நூறுன்னு காட்டுறத நம்பாத செல்வம். ஒரு குடம் புடிச்சது இப்ப ஒரு சொம்புதான் புடிக்குது. சொம்பு நெறஞ்சாலும் அது நூறுன்னுதான் காட்டும்.”

“நீ எப்பவும் சார்ஜர்லயே போட்டு வெச்சிருப்ப, அதான். அடுத்த தடவ வரும்போது பேட்டரி வாங்கிட்டு வரேன்க்கா.”

இரண்டு பொங்கல் வந்துபோனது. இரண்டுக்கும் ஸ்வீட் பாக்ஸோடுதான் வந்தான். அவளே வாங்கிப் போட்டிருக்கலாம். சொன்னவன் வாங்கட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டாள். அந்த வீம்பை நினைக்கும்போது அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அரியலூர் ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பி நாலு நாள் ஆகியிருந்தது. நேற்றுப் பகல் பதினொன்றரைக்கு அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. லேப்டாப்பை ஸ்டூலில் வைத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். கலியம்மாள் கையை நீட்டித் திரையில் அவன் கன்னத்தைத் தடவினாள். அப்போது கரண்ட் போனது. மூலையில் நாற்பத்து மூன்று சதவீதம் என்று இருந்தது. மணிமொழி ஃபேன் நின்றதைத்தான் பார்த்தாள். திரும்புவதற்குள் திரை கறுத்துவிட்டது. தேய்ந்த பேட்டரி படிப்படியாக இறங்காது, நின்ற இடத்திலிருந்தே விழும்.

“எங்கடி போனான்?” அம்மா கறுத்த கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மணிமொழி போனில் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். பன்னிரண்டு இருபதுக்கு அம்மா அடங்கினாள். ஒன்று பத்துக்குத்தான் அவன் அழைத்தான். “சொல்லுக்கா, மீட்டிங்ல இருந்தேன்.”

“சார்ஜ்லதான்டா இருந்துச்சு” என்றாள் இப்போது. “கரண்டு போனப்ப நாப்பத்து மூணு காட்டுச்சு. அது வெறும் நம்பருன்னு ஒனக்கு ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருந்தேன்.”

“இப்ப எதுக்குக்கா அதெல்லாம்…”

அவள் போனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். நேற்றைய தேதியில் அவன் பெயர். பக்கத்தில், அவன் எடுக்காத அழைப்புகளின் கணக்கு: பதினொன்று.

“சைலன்ட்ல இருந்துச்சுக்கா.”

“அம்மா இழுத்துக்கிட்டு கெடந்தத நீ கண்ணால பாத்த. கட்டாயிடுச்சு, அப்பறம் பேசிக்கலாம்னு மீட்டிங்குக்குப் போயிட்ட. தேஞ்சுபோன பேட்டரி இல்லாதத இருக்குன்னு காட்டும். நீ ஏன்டா காட்டுற?”

பச்சையம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

“தூக்குற நேரத்துல என்ன பேச்சு, மணிமொழி? விடு” என்றார் அங்கமுத்து.

“விட்டுட்டுதான் மாமா இருக்கேன்.”

நாலு மணிக்குத் தூக்கினார்கள். தீச்சட்டியை அவன் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். மணிமொழி தெருமுனையோடு மற்றப் பெண்களுடன் நின்றுகொண்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் மொட்டைத் தலையோடு திரும்பி வந்து, ஈர வேட்டியோடு வாசற்படியில் உட்கார்ந்தான். அவள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

“லேப்டாப் ஆஃப் ஆனதுக்கு அப்பறம்… அம்மா எதாச்சும் சொன்னுச்சாக்கா?”

சொல்லியிருந்தாள். கடைசி அழைப்பு அடித்துக்கொண்டிருந்தபோது, “புள்ளைக்கு வேல இருக்கும்டி, தொந்தரவு பண்ணாத” என்று சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு பேசவே இல்லை.

“ஒண்ணும் சொல்லல” என்றாள் மணிமொழி.

அவன் காதுக்குப் பின்னால் சவரக்கத்தி பட்ட இடத்தில் ஒரு பொட்டு ரத்தம் உறைந்திருந்தது. ஈ ஒன்று வந்து அதன்மேல் உட்கார்ந்தது. அவன் கையைத் தூக்கவில்லை. அவள் துடைப்பத்தைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். விரட்டவில்லை.