மச்சானின் மஞ்சள் மீட்டர்

எங்கள் சைக்கிள் குழுவுக்கு மச்சான்தான் ராஜா. என் மனைவியின் அண்ணன்; சலவைக்கடை வைத்திருக்கிறார். வாரம் முழுக்க யார் எத்தனை கிலோமீட்டர் மிதித்தோம் என்று அவரவர் மீட்டரைப் பார்த்துக் கடைச் சுவரில் உள்ள பலகையில் எழுதுவார். அவருடைய மஞ்சள் மீட்டரில் நானூறுக்குக் குறையாது. ஞாயிறு எங்களோடு கொஞ்ச தூரம் வருவார். மீதியைத் தனியாக மிதிப்பதாகச் சொல்வார். நான் முந்நூறைத் தொட்ட வாரம், "என்ன மாப்ள, மூணு சக்கர வண்டியா ஓட்டற?" என்றார்.

எனக்கு ரோஷம் அதிகம். அச்சகத்தில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பவன், விடியுமுன் ஒரு சுற்று, வேலை முடிந்து ஒரு சுற்று மிதித்தேன். தூக்கம் கெட்டது, எடை குறைந்தது. காலையில் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணுவது என் மனைவி. அறுபது, எழுபது என்று ஏறி ஒருநாள் தொண்ணூறு என்றாள். மச்சானிடம் சொன்னேன். "உடம்பு பழகற வரைக்கும் அப்படித்தான். விட்டுடாத" என்றார். அவருக்கே ஒன்றும் ஆகவில்லையே என்று நம்பினேன்.

இன்று காலை காகிதக் கட்டைத் தூக்கியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதயம் தாளம் தப்பித் துடிக்கிறதாம். "பொழுதுபோக்குக்கு மிதிக்கறவர் இவ்வளவு மிதிக்கலாமா? ஓய்வும் பயிற்சிதான் சார்" என்று கடிந்துகொண்டு டாக்டர் மாத்திரை எழுதினார். மூன்று மாதம் சைக்கிளைத் தொடக்கூடாது. பிறகு பழையபடி ஆகுமா என்றேன். "பாக்கலாம்" என்றார்.

வீடு திரும்பினால், வாசலில் சலவைக்கடைப் பெரியவர் துணி மூட்டையோடு நின்றார். ஊரெல்லாம் சைக்கிளில் துணி கொண்டுபோய்ப் போடுவது அவர் வேலை. ஹேண்டில்பாரில் மச்சானின் மஞ்சள் மீட்டர்.

"இது எப்படி உங்ககிட்ட?"

"முதலாளிதான் கட்டிவிட்டாரு. போன வருஷம் அவருக்கு நெஞ்சு படபடன்னு வந்துச்சுல்ல? வாரத்துக்கு நூறைத் தாண்டாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பலகையில குறைஞ்சா கேவலமாம். எனக்கென்ன, எப்படியும் மிதிக்கறேன்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருடமாகத் துணி மூட்டையோடு போட்டி போட்டிருக்கிறேன். நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டார். தங்கையின் புருஷன் என்றுகூடப் பார்க்கவில்லை.

மனைவி கேட்டால் அண்ணனைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள் என்று உள்ளே போனேன். மாத்திரை அட்டையை மேசையில் வைத்தேன். டாக்டரின் சீட்டு இன்னும் என் சட்டைப் பையில் இருந்தது. நான் வாய் திறக்குமுன் அவள் தண்ணீர் கொண்டுவந்து, ஒரு மாத்திரையைப் பிரித்து இரண்டாக உடைத்தாள்.

"முதல் வாரம் பாதிதாங்க போடணும். முழுசாப் போட்டா தலை சுத்தும்."

சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். பாதி என்றுதான் எழுதியிருந்தது.

"உனக்கு யார் சொன்னா?"

அவள் முகம் வெளுத்தது. "அண்ணனுக்கும் இதே மாத்திரைதான். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருங்க" என்று வழக்கம்போல் நாடி பார்க்க என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

கையை இழுத்துக்கொண்டேன்.