கோடு வரைந்த ஜன்னல்

கட்டக்கா என்றால் இணையத்தில் காமிக்ஸ் படிக்கிற கூட்டம் முழுவதற்கும் தெரியும். பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் உட்கார்ந்துகொண்டு, வீங்கிய கன்னங்களை வரிசையாக உள்ளே அனுப்புகிறவள் அவள்தான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. 'கட்டத்துக்கு வெளியே' என்பது அவள் நடத்தும் பக்கம். எந்தப் புத்தகம் எப்போது வருகிறது, எந்த ஓவியருக்கும் எந்தக் கதாசிரியருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை, குதிரை மேல் ஏறின கதாநாயகன் அடுத்த கட்டத்தில் எப்படிக் கழுதை மேலிருந்து இறங்கினான், எல்லாம் அதில் வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவாள். ஒருநாளும் தப்பாக எழுதியதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"பொம்மைப் புத்தகத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? இதுல பாதி நேரம் வீட்டைப் பார்த்திருந்தா ஒட்டடையாவது போயிருக்கும்" என்பாள் அவளுடைய அண்ணி. அண்ணன் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து இந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அண்ணி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். நாளெல்லாம் பிள்ளைகளை அதட்டிப் பழகியதால் வீட்டிலும் அதே குரல்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கட்டக்கா போட்ட பதிவுதான் எல்லாவற்றுக்கும் காரணம். 'நிழல் தபால்காரன்' என்ற தொடரை வரைகிறவருக்கு 'கோடு' என்று புனைபெயர். பேட்டி கிடையாது, புகைப்படம் கிடையாது, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. அந்தத் தொடரில் ஒரு விசித்திரத்தைக் கட்டக்கா கண்டுபிடித்திருந்தாள். கதை பாலைவனத்தில் நடக்கட்டும், அரண்மனையில் நடக்கட்டும், பின்னால் எங்காவது ஒரு ஜன்னல் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே அதே காட்சி இருக்கும்: ஒரு பக்கம் சாய்ந்த தண்ணீர்த் தொட்டி, சுருள் படிக்கட்டு, கத்தரிக்கோல் படம் போட்ட தையல்கடைப் பலகை. விண்வெளிக் கப்பலின் ஜன்னலில்கூடத் தையல்கடை தெரிந்தது! அத்தனை இதழ்களிலிருந்தும் துண்டு துண்டாக வெட்டி, ஒட்டி, ஒரே படமாக்கி, "இது எந்த இடம்? கண்டுபிடிப்பவருக்கு இந்த வாரக் கழுகுக்கண் பட்டம்" என்று போட்டாள்.

ரசிகர்களுக்கு அது போதாதா? மத்தியானச் சாப்பாட்டுக்குள் விடை வந்துவிட்டது. பார்சல் கொண்டுபோகும் ஒருவன், 'மைப்பொட்டு' என்ற பெயரில் எழுதுகிறவன், "அக்கா, இது நான் தினம் போற தெரு! பாலம் தாண்டி, பழைய அச்சகத்துக்கு எதிர்ல!" என்று புகைப்படத்தோடு வந்து குதித்தான். தொட்டி, படிக்கட்டு, கத்தரிக்கோல் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. இன்னொருவன் அளவுகோல் வைத்துக் கோணம் பார்த்து, எதிர்க் கட்டடத்தில் மூன்றாவது மாடி, இடது பக்க ஜன்னலிலிருந்துதான் இப்படித் தெரியும் என்று நிரூபித்தே விட்டான். கைதட்டல் பொம்மைகள் மழையாகக் கொட்டின. கட்டக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த ஊரிலேயே, அதுவும் ஒரு பாலத்துக்கு அந்தப் பக்கம்!

அப்போதுதான் தனிச்செய்தி ஒன்று வந்தது. படமில்லாத கணக்கு.

"ரொம்ப நன்றி. கோடுங்கறது என் மனைவி. அவ கைவேலையை நான் எங்க பார்த்தாலும் கண்டுபிடிச்சுடுவேன், வீடுதான் தெரியாம இருந்துது. வருஷக்கணக்கா தேடறேன். மூணாவது மாடி, இடது பக்கம். இன்னிக்கே போறேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்."

கட்டக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். 'நிழல் தபால்காரன்' கதையில் வில்லனுக்கு முகமே கிடையாது. பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ மட்டும் ஏதாவது ஒரு கதவுக்கு வெளியே நிற்கும். "பாலிஷ் அண்ணன் மாதச் செலவு என்ன?" என்று அவளே ஒருமுறை கேலியாக ஒரு பதிவு எழுதி, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது புத்தகங்களை எடுத்துப் புரட்டினால் ஒரு பக்கம்கூடச் சிரிக்கிற மாதிரி இல்லை. எல்லாக் கதவுகளும் உள்பக்கம் தாழ் போட்டிருந்தன.

முதல் காரியமாகப் பதிவை அழித்தாள். இந்தக் கூட்டத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவள், அந்த ஒன்றை மறந்துவிட்டாள். காமிக்ஸ் ரசிகனுக்கு இருக்கிறதைவிட இல்லாததுதான் உசத்தி. தடை செய்த அட்டை, திரும்பப் பெற்ற இதழ், அச்சேறாத பக்கம் என்றால் உயிரையே விடுவான். "அக்கா பதிவை அழிச்சுட்டாங்க! என்கிட்ட படம் இருக்கு, யாருக்கு வேணும்?" என்று ஆளாளுக்குப் பரப்ப ஆரம்பித்தார்கள். அணைக்கப் போனவள் ஊதிப் பெரிசாக்கிவிட்டாள்.

"அண்ணி!" என்று கத்தினாள்.

அண்ணி வந்து செய்தியைப் படித்தாள். வழக்கமான கிண்டல் எதுவும் வரவில்லை. "போலீசுக்குப் போடு" என்றாள்.

போட்டாள். "ஆபத்துல இருக்கறவங்க பேர் என்னம்மா?" என்றது எதிர்க்குரல்.

"கோடு சார்."

"என்னது?"

"கோடு. படம் வரையறவங்க. நிஜப் பேர் தெரியாது."

"மிரட்டினது யாரு?"

"அதுவும் தெரியாது சார்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. ரோந்து வண்டியை அனுப்பிப் பார்க்கச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். அடுத்து, தொடரை வெளியிடும் பதிப்பகத்தின் ஆசிரியருக்குப் போட்டாள். செய்திக்காக அடிக்கடி பேசுகிறவர்தான். அவர் இருப்பது வேறு ஊர். கோடு பற்றிப் பேச்சை எடுத்ததுமே, "அது மட்டும் கேக்காதீங்கம்மா, சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்" என்றார். கட்டக்கா செய்தியைப் படித்துக் காட்டினாள். "ஐயோ, அவனேதான்" என்றார் ஆசிரியர்.

"சார்?"

"அந்தப் புருஷன் வீட்டுல ஜன்னலையெல்லாம் பலகை வெச்சு ஆணி அடிச்சு வெச்சிருந்தான்மா. வெளிய பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போவான். தப்பிச்சு வந்தப்புறம் அந்தப் பொண்ணு என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், ஜன்னல் இருக்கற வீடு பாத்துத் தாங்கன்னு. வரையும்போது போனை அணைச்சு வெச்சுடுவாங்க. இன்னிக்குப் பூரா வரையற நாள். நான் போலீஸ்ல பேர் சொல்றேன். நீங்க போங்க, தயவுசெஞ்சு உடனே போங்க."

அண்ணி அதற்குள் வேன் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கியிருந்தாள்.

சின்னப் பிள்ளைகள் உட்காரும் சீட்டுகள், ஜன்னல் கம்பியில் யாரோ மறந்துபோன தண்ணீர் பாட்டில். அந்த வேனில் முன்னால் உட்கார்ந்துகொண்டு கட்டக்கா அந்தச் செய்தியையே மறுபடி மறுபடி திறந்து பார்த்தாள். பயம் என்றால் அவளுக்குப் புத்தகத்தில் வரும் பயம்தான் தெரியும், பக்கத்தைப் புரட்டினால் போய்விடும். இது போகவில்லை. ஒரு பெண் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தேடிப்பிடித்த ஜன்னலை, ஒரு பட்டத்துக்காக இவள் ஊருக்கே காட்டிக் கொடுத்துவிட்டாள்.

பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. அண்ணி ஹாரனை அமுக்கியபடியே இருந்தாள். கைப்பேசி அதிர்ந்தது. படமில்லாத கணக்கு, இந்த முறை ஒரு புகைப்படம். கட்டடத்தின் மாடிப்படி, கீழிருந்து எடுத்தது. "வந்துட்டேன்" என்று ஒரே வார்த்தை.

"அண்ணி, அவன் போய்ட்டான். நாம போறதுக்குள்ள..."

"அங்க பக்கத்துல உனக்குத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையாடி?"

யாருமே இல்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். பிறகு கைப்பேசியைப் பார்த்தாள். தெரிந்தவர்கள் இல்லை. ரசிகர்கள் இருந்தார்கள். இந்த ஊரிலேயே எத்தனையோ பேர், அதிலும் பாதிப் பேர் அந்தத் தெருவைத் தேடிக் கிளம்பியிருப்பார்கள். உண்மையைச் சொன்னால் ஆளுக்கு ஒரு சந்தேகம் கேட்டு, விவாதம் பண்ணி, பொழுது போய்விடும். அவர்கள் யோசிக்காமல் ஓடி வருவது ஒன்றே ஒன்றுக்குத்தான்.

"அவசரச் செய்தி" என்று அடித்தாள். "கோடு இப்போது அதே கட்டடத்தில், மூன்றாவது மாடி வாசலில், புத்தகங்களில் கையெழுத்துப் போடுகிறார். ஒரு மணி நேரம் மட்டும். புத்தகத்தோடு ஓடுங்கள்."

அவள் எழுதிய முதல் பொய். அனுப்பின கையோடு இன்னொரு பயமும் பிடித்துக்கொண்டது. ஒளிந்திருக்கிறவளின் வாசலுக்கு ஊரையே அனுப்பிவிட்டாள். இனி அந்த வீட்டில் அவள் இருக்கவே முடியாது. அப்படியும் உயிரோடு இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

வேன் போய் நின்றபோது மாடிப்படியில் எள் போட்டால் எள் விழாது. மூச்சிரைக்க ஓடி வந்தவர்கள், கையில் பையும் புத்தகமுமாக, கீழ்ப்படி வரைக்கும் நின்றார்கள். போலீஸ் வண்டியைக் காணோம். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று அண்ணி பிள்ளைகளை அதட்டும் குரலில் அதட்ட, இருவரும் மேலே ஏறினார்கள். மூன்றாவது மாடியில் இடது பக்கக் கதவு சாத்தியிருந்தது. கதவை ஒட்டி ஏழெட்டு ஆண்கள், சில பெண்கள். எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள்.

கட்டக்கா அங்கேதான் நின்றுவிட்டாள். இதில் எவன் அவன்? முகத்தை யாரும் வரைந்ததில்லையே. ஷூவைப் பார்த்தாள், பாதிப் பேர் செருப்பு, மீதிப் பேர் எல்லாரும் போடுகிற சாதாரண ஷூ. பக்கத்தில் நிற்கிறவனாக இருக்கலாம். இப்போது தோளில் இடித்தவனாக இருக்கலாம். கதவுக்குப் பின்னால் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது இவளுக்குத் தெரிகிற மாதிரியே அவனுக்கும் தெரியும்.

"அக்கா! நீங்க கட்டக்காதானே? இப்படி உத்து உத்துப் பார்க்கறதை வெச்சே சொல்றேன்!" என்றான் ஒல்லியான ஒருவன். "நான்தான் மைப்பொட்டு!"

அவன் இரண்டு கையிலும் புத்தகங்கள். பின்னால் நின்ற கண்ணாடி போட்ட அம்மாளின் மார்போடு பிளாஸ்டிக் உறையில் ஒரு பழைய இதழ். எல்லார் கையிலும் இருந்தது. கையெழுத்துக்கு வெறுங்கையோடு வருகிற ரசிகன் உலகத்தில் பிறக்கவில்லை.

கட்டக்கா கத்தினாள்: "எல்லாரும் புத்தகத்தைத் தலைக்கு மேல தூக்குங்க! அப்பதான் கதவு திறக்கும்!"

படிக்கட்டு முழுவதும் புத்தகங்கள் எழும்பின. கதவுக்கு நேர் முன்னால், முதல் ஆளாக நின்ற வெள்ளைச் சட்டைக்காரனின் கைகள் மட்டும் கீழேயே இருந்தன. அமைதியான, நல்ல முகம். பக்கத்து வீட்டு அண்ணன் என்று நம்பிக் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அவன் கட்டக்காவைப் பார்த்துப் புன்னகைத்தான். புன்னகைத்தபடியே கையை நீட்டி, கண்ணாடி அம்மாளின் இதழைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கினான். உறை கிழிந்து, அட்டை மடங்கியது.

"ஐயோ! முதல் பதிப்பு!"

அந்த அலறலுக்குக் கட்டடமே நின்றுவிட்டது. பிறகு நடந்ததை நம்பச் சொன்னால் கஷ்டம். எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத கூட்டம் அது. ஆனால் அதன் கண் முன்னால் முதல் பதிப்பைக் கசக்கக் கூடாது. நாலு பக்கமும் பாய்ந்தார்கள். அவன் திமிறினான், கதவை உதைத்தான், அவள் பேரைச் சொல்லி, "வெளிய வாடி!" என்று கத்தினான். அண்ணி அவன் முதுகில் முழங்காலை ஊன்றினாள். அவன் பையிலிருந்து கனமான எதுவோ தரையில் விழுந்தது. சாவியோடு கூடிய புத்தம் புதுப் பூட்டு.

சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போகிற வரைக்கும் பிடித்த பிடியை யாரும் விடவில்லை.

வெகு நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எத்தனை தாழ்ப்பாள்! கதவு ஒரு சாண் திறந்தது. விரலெல்லாம் மையாக ஒரு பெண். கூட்டத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். "இந்த இடத்தைக் கண்டுபிடிச்சது யாரு?"

மைப்பொட்டு பாவம், பெருமை தாங்கவில்லை. பயத்தில் சொன்னானா, பழக்கத்தில் சொன்னானா, தெரியாது. "இவங்கதான்! கட்டக்கா!" என்றான். படிக்கட்டில் கீழே நின்ற, நடந்தது எதுவும் தெரியாத சிலர் கைதட்டினார்கள்.

கட்டக்காவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"உங்க பக்கத்தை நான் தினமும் படிப்பேன்" என்றாள் அந்தப் பெண். "கழுதை, குதிரையெல்லாம் படிச்சுத் தனியா சிரிச்சிருக்கேன்."

"மன்னிச்சுடுங்க. எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

அந்தப் பெண் உள்ளே திரும்பிப் பார்த்தாள். மேஜை, விளக்கு, பாதி வரைந்த பக்கம், அதற்குப் பின்னால் திறந்திருந்த ஜன்னல். "நாளைக்கே வெளிய வந்துடுவான், எனக்குத் தெரியும்" என்றாள். "பெட்டி கட்ட உதவி பண்ணுங்க. எங்க போறேன்னு மட்டும் கேக்காதீங்க."

கட்டக்கா கட்டினாள். தூரிகைகளைத் துணியில் சுற்றினாள், தாள்களை அடுக்கினாள், ஒன்றையும் உற்றுப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்ப்பதே வேலையாக இருந்தவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ரசிகர்கள் பெட்டிகளைக் கை மாற்றிக் கை மாற்றி வேனில் ஏற்றினார்கள். கண்ணாடி அம்மாள் ஒரு பெட்டியின் மேல் தன் கிழிந்த இதழை வைத்துவிட்டுப் போனாள்.

"நீயும் ஏறு" என்றாள் அண்ணி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"நான் வரல அண்ணி. எனக்குத் தெரிய வேண்டாம். நீங்களும் எங்கிட்ட சொல்லிடாதீங்க."

பின்சீட்டில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் இடத்தில், முழங்கால் மடக்கி உட்கார்ந்திருந்த பெண் கட்டக்காவைப் பார்த்தாள். கோபமா, நன்றியா, ஒன்றும் சொல்ல முடியாத பார்வை. வண்டி கிளம்பியது. கட்டக்காவின் கையில் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. கோடு எங்கே போகிறார், கோடு எங்கே போகிறார் என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் வேன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணில் படாமலிருக்க, அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். சத்தம் ஓய்ந்த பிறகும் திரும்பப் பயமாக இருந்தது.