தறிக்கட்டுப் பேச்சு

"வீடு பத்திக்கிச்சுய்யா" என்றாள் பச்சையம்மாள்.

பாயில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவாசை தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார். "ஆங், சரி" என்றார். திரும்பவும் கீரைக்குக் குனிந்துவிட்டார்.

பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியபடி அப்படியே நின்றாள். வீடு ஒன்றும் எரியவில்லை. அடுப்பே இன்னும் மூட்டவில்லை. சும்மா சோதித்துப் பார்க்கத்தான் சொன்னாள். இந்த ஒரு வருஷமாக எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து இதே "ஆங், சரி"தான். சில நாள் அதுவும் கிடையாது. முதலில் அவளுக்குக் கோபம் வந்தது, அப்புறம் அழுகை வந்தது. இரண்டும் ஓய்ந்தபிறகு, இந்த மனுசன் மண்டைக்குள் என்னதான் ஓடுகிறது என்ற குறுகுறுப்புதான் மிச்சம். இன்றைக்கு அதற்கும் விடை கிடைத்துவிட்டது. வீடே பற்றி எரிந்தாலும் அவருக்குச் சரிதானாம். ஞாயிற்றுக்கிழமை மகளோடு போய்விடுவது என்று எடுத்த முடிவு நல்ல முடிவுதான் என்று நினைத்துக்கொண்டே அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

வம்பாக்கீரப்பாளையத்தில் பிறந்தும் கடல் ஒத்துக்கொள்ளாத ஆண்பிள்ளை என்று அம்மாவாசைக்கு அந்தக் காலத்திலேயே பேர். கட்டுமரத்தில் கால் வைத்தால் குடலே வெளியில் வந்துவிடும். அதனால் வலையை விட்டு மில்லுக்குப் போனார். தறி ஓட்டுகிற வேலை, அதுவும் ராத்திரி ஷிப்டு. விடியலில் சங்கு ஊதி அவர் வீட்டுக்கு வரும்போது பச்சையம்மாள் கூடையோடு கரைக்குப் போயிருப்பாள். பெரிய கடைச் சந்தையில் மீன் விற்று அவள் திரும்பும்போது அவர் போர்வைக்குள் இருப்பார். சாயங்காலம் சோறு போடுகிற நேரத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பேசியதுதான் பேச்சு. இந்த லட்சணத்தில் மகள் ரஞ்சிதம் எப்போது பிறந்தாள் என்று கூடைக்காரிகள் கேலி செய்வார்கள். மில்லுக்கும் வாரத்தில் ஒருநாள் லீவு உண்டடி என்பாள் பச்சையம்மாள். மற்றபடி புருஷன் பேரைச் சொல்லாத பத்தினி அவள். அம்மாவாசை நாளைக்கூட "நெலா இல்லாத நாளு" என்றுதான் சொல்வாள்.

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன நாலாம் வருஷம், ஆடி மாசத்தில், வயசாகிவிட்டதென்று அவர் மில்லிலிருந்து நின்றார். மூட்டுவலி தாளாமல் அவளும் கூடையை இறக்கி வைத்தாள். இனிமேல்தான் இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருக்கப்போகிறோம் என்று அவளுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். புதுப்பெண் மாதிரி அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் பார்த்துத்தான் அவளுக்குப் பல் போனது. ஐப்பசி மழையில் முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. தை பிறப்பதற்குள் மேல்வரிசையில் முன்னால் ஒன்றும் மிச்சமில்லை. பல் போவது ஊரில் நடக்காத காரியமா? ஆனால் பச்சையம்மாளின் பல் வேறு. பெண் பார்க்க வந்த அன்று, "அந்தப் பல்லு வரிசைக்காவே கட்டிக்கிறேம்மா" என்று அம்மாவாசை தன் தாயிடம் சொன்னதைக் குப்பமே சொல்லிச் சிரித்தது. அந்த ஆளுக்கு எதிரில் பொக்கை வாயைத் திறப்பதாவது! அவள் முந்தானையை இழுத்து வாய்மேல் வைத்துக்கொண்டாள். தெருக்கோடிவரை கேட்கக் கூவி மீன் விற்ற தொண்டை, துணிக்குள் முணுமுணுக்கத் தொடங்கியது. அப்போதிருந்துதான் அவர் சரியாகப் பதில் சொல்வதில்லை. பல்லுக்காகக் கட்டியவர், பல் போனதும் பேச்சை விட்டுவிட்டார். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

அரியாங்குப்பத்திலிருந்து வந்துபோன ரஞ்சிதம்தான் வழி சொன்னாள். "செவுத்துகிட்ட பேசற மாதிரி எத்தினி நாளைக்கும்மா பேசுவே? எங்கூட வந்துடு. ஞாயித்துக்கெழம வண்டி கொண்டாறேன்" என்றாள். மருமகன் கண்ணையன் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று அம்மாவாசை என்றைக்கோ சொல்லிவிட்டவர். அவள் போனால் தனியாகத்தான் போக வேண்டும், போனால் போனதுதான். பச்சையம்மாள் சரியென்று தலையாட்டினாள். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அடுப்பில் கீரை கொதித்துக்கொண்டிருந்தபோது தணிகாசலம் வந்தார். அவரும் அதே மில்லில் பக்கத்துத் தறி ஓட்டியவர். எப்போதாவது வந்துபோவார். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள். வாசல் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கீரை வெந்து இறக்கியாயிற்று, அப்போதும் சத்தமில்லை. சிநேகிதன் வந்தாலும் இப்படித்தானா, சாமி சிலை மாதிரி எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்களா என்று அவள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

இரண்டு கிழவர்களும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். உதடுகள் பெரிது பெரிதாக அசைந்தன, புருவம் ஏறி இறங்கியது, கை நடுவில் புகுந்து என்னவோ விளக்கியது. குரல் மட்டும் இல்லை. தணிகாசலம் எதையோ சொல்ல, அம்மாவாசை தொடையில் தட்டிக்கொண்டு உடம்பு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் பார்த்து எத்தனையோ மாசமாயிற்று. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், தனக்குக் கேட்கக் கூடாதென்றே குரலை விழுங்குகிறார்கள் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

தணிகாசலம் கிளம்பியதும் பின்வாசல் வழியாகப் போய்ச் சந்துமுனையில் அவரை மடக்கினாள். ஆத்திரத்தில் முந்தானை நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"இன்னாண்ணே அது ஊமப் பேச்சு? எனக்குத் தெரியக்கூடாத சேதியா?"

தணிகாசலம் அவள் வாயையே பார்த்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஊமப் பேச்சு இல்ல தங்கச்சி, தறிக்கட்டுப் பேச்சு. அத்தினி தறி ஓடற எடத்துல கத்துனா மட்டும் கேக்குமா? வாயப் பாத்துதான் பேசிக்குவோம். அந்த எரைச்சல்லயே இருந்து இருந்து காது போயிடுச்சு. எனக்குக் கொஞ்சம் பரவால்ல. அவனுக்கு இடி இடிச்சாத்தான் உண்டு."

"காதா? அந்த மனுசனுக்கா? எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"செவிடன்னு பேரு வாங்கணுமான்னுதான் சொல்லியிருக்க மாட்டான். உங்கிட்ட கஷ்டமே இல்லன்னுவான். மீன் விக்கற வாயி, ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாத் தெரியும்னுவான். இப்போ ஒரு வருசமாத்தான் பொலம்பறான். எம்பொண்டாட்டி மொகத்த மூடிக்கிறா தணிகாசலம், இன்னா கோவமோ தெரியல, கேக்க பயமா இருக்குதுன்னான்." அவர் கொஞ்சம் தயங்கினார். "நீ போறதும் அவனுக்குத் தெரியும். ரஞ்சிதம் வாசல்ல நின்னு உங்கிட்ட சொன்னப்பவே அது வாயப் பாத்துட்டானாம்."

பச்சையம்மாள் மெல்ல வீட்டுப் பக்கம் திரும்பினாள். தான் பேசவில்லையென்று அவரும், அவர் பேசவில்லையென்று தானுமாக ஒரு வருஷம் போயிருக்கிறது. நினைக்க நினைக்கச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உடனே ஓடிப்போய் வாயைத் திறந்து பேசியிருக்கலாம். அதுதான் முடியவில்லை. காது கேட்காதவர் என்றால் வாயைத்தானே உற்றுப் பார்ப்பார்? மற்ற பெண்சாதிகளின் பொக்கை வாயைப் புருஷன் பார்த்தும் பார்க்காமலும் இருந்துவிடுவான். இவரோ ஒவ்வொரு வார்த்தைக்கும் அதையே பார்த்தாக வேண்டும். அவர் வெளியே போன நேரத்தில் ரசம் போன கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு குரலில்லாமல் பேசிப் பார்த்தாள். 'மீனு' தெரிந்தது. 'சோறு' சுமாராகத் தெரிந்தது. 'கோவம் இல்லய்யா' என்று சொல்லிப் பார்த்தாள். பல் இருந்த இடத்தில் நாக்கு எட்டிப் பார்த்தது. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். வெள்ளி போனது, சனி போனது. முந்தானை இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரஞ்சிதம் குதிரை வண்டியோடு வந்து இறங்கினாள். அம்மாவாசையே எழுந்து பச்சையம்மாளின் சேலைகளை மடித்து மூட்டையாகக் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார், சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடியும் போட்டார். பிறகு மூட்டையைக் கதவோரம் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தார்.

"வாம்மா, வெயில் ஏறுது" என்றாள் ரஞ்சிதம்.

பச்சையம்மாள் வாசலுக்குப் போகவில்லை. பாய்க்கு எதிரில் வந்து, முழங்கால் வலியோடு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அவர் நிமிரும்வரை காத்திருந்தாள். நிமிர்ந்ததும் முந்தானையை இறக்கி மடியில் போட்டாள். வாயை நன்றாகத் திறந்து, குரலே இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

'நான் போவட்டுமா?'

அம்மாவாசையின் கண் அவள் வாயில் வந்து நின்றது. பல் இல்லாத இடத்தைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், திரும்பவும் பல் இல்லாத இடத்தைப் பார்த்தார். அவளுக்கு உயிரே போய்விடும் போலிருந்தது, ஆனாலும் மூடவில்லை. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. தணிகாசலத்திடம் பேசியதுபோலப் புருவத்தை ஏற்றி, கையை நடுவில் கொண்டுவந்து, மடமடவென்று என்னவோ சொன்னார். நீளமாகச் சொன்னார். சத்தம் மட்டும் இல்லை.

அவளுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. வேண்டாமென்றாரா, போ என்றாரா, இல்லை, வேறு ஏதாவதா?

"என்னம்மா, யாரும் எதுவும் பேசல, நீ பாட்டுக்கு உக்காந்துட்டே?" என்றாள் ரஞ்சிதம். வெளியே குதிரை காலை உதைத்தது. வண்டிக்காரன் குரல் கொடுத்தான்.

"இருடி" என்றாள் பச்சையம்மாள். கண்ணை எடுக்காமல் பாயின் விளிம்புவரை நகர்ந்து போனாள். "வெரசாச் சொன்னா எனக்கு எப்பிடித் தெரியும்? மெதுவாச் சொல்லுய்யா."

அவர் மறுபடியும் வாயைத் திறந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அந்த வாயை இவ்வளவு கிட்டத்தில், வெளிச்சத்தில் பார்த்ததில்லை. கீழ்வரிசையில் அவருக்கும் இரண்டு பல் இல்லை.